பின், கியூ, ஐஎஸ்ஓ, சிஎச்டி: மாமாவின் ஹார்ட் டிஸ்க்கில் எதை எமுலேட்டர் திறக்கும்?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா திருகோணமலை டவுனில் முன்பு கேம் கடை வைத்திருந்தவர். கடையை மூடும்போது தன்னிடமிருந்த பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2, கையில் பிடித்து விளையாடும் பிஎஸ்பி கேம்களையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறார். அது இப்போது தம்பியின் கையில். எமுலேட்டரில், அதாவது கன்சோல் மாதிரியே நடித்துக் கேமை ஓட்டும் புரோகிராமில், போட்டால் பாதி கேம்தான் பட்டியலில் வருகிறதாம். வந்ததிலும் சிலவற்றில் பாட்டுக் கேட்கவில்லையாம். பின் (bin), கியூ (cue), ஐஎஸ்ஓ (iso), எம்டிஎஃப் (mdf), சிஎஸ்ஓ (cso), பிபிபி (pbp), 7இசட் (7z) என்று பைல் பெயர்களுக்குப் பின்னால் பல வால்கள். "எமுலேட்டர் எதை ஏற்கும், எதை ஏற்காது? எல்லாவற்றையும் ஐஎஸ்ஓவாக மாற்றி மிச்சத்தை அழித்துவிட்டால் இடமும் மிஞ்சும்தானே?" இதுதான் கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். இதை முழுக்க வாசித்து முடிக்கும்வரை ஒரு பைலையும் மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். 1 கேபி கூட இல்லாத சின்னப் பைல்களை முக்கியமாகத் தொடாதீர்கள்.

நான் அதைச் செய்து ஒரு கேமை இழந்தவன். பிளேஸ்டேஷன் 1இல் நானும் சித்தப்பா மகனும் விடுமுறை முழுக்க விளையாடிய ஒரு கார் ரேஸ். டிஸ்க்கில் கீறல் விழத் தொடங்கியதும் கொம்பியூட்டரில் ஏற்றினேன். ஒரு பின் பைலும் ஒரு கியூ பைலும் வந்தன. யாரோ சொன்னார்கள் என்று அதை ஐஎஸ்ஓவாக மாற்றினேன். அளவு நன்றாகக் குறைந்தது, கேமும் ஓடியது. சரி என்று பின் பைலை அழித்துவிட்டேன். சில நாள் கழித்துத்தான் உறைத்தது: எஞ்சின் சத்தம் வருகிறது, டயர் தேயும் சத்தம் வருகிறது, பின்னணி இசை மட்டும் ஒரு துளியும் இல்லை. அதற்குள் அசல் டிஸ்க்கை எந்த டிரைவும் வாசிக்க மறுத்துவிட்டது. உங்களுக்குப் பாட்டுக் கேட்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று விளங்கிக்கொண்டால் மற்ற வால்கள் எல்லாம் தானாக விளங்கும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சிடி என்பது முதலில் பாட்டுக்காகச் செய்யப்பட்டது. ஒரு நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, இடது வலது என இரண்டு பக்கம், ஒவ்வொன்றும் 2 பைட். அந்த ஒரு நொடியை 75 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 2352 பைட் வரும். அதுதான் சிடியின் ஒரு செக்டர். பாட்டு டிஸ்க்கில் இந்த 2352 பைட்டும் பாட்டுதான். கொம்பியூட்டர் தகவலை வைக்கும்போது அப்படி விட முடியாது. பாட்டில் ஒரு பைட் பிழைத்தால் காதுக்குத் தெரியாது, புரோகிராமில் பிழைத்தால் கேமே நின்றுவிடும். ஆகவே செக்டரின் தொடக்கத்தில் 12 பைட் அடையாளமும் 4 பைட் முகவரியும், கடைசியில் பிழை திருத்தும் எண்களும் வைத்து, நடுவில் 2048 பைட் மட்டும் உண்மையான தகவலுக்கு விட்டார்கள். ஐஎஸ்ஓ என்ற பைல் அந்த நடுப்பகுதி 2048ஐ மட்டும் வரிசையாக அடுக்கியது. பின் பைல் 2352ஐயும் அப்படியே வைத்திருப்பது.

74 நிமிட சிடி ஒன்றைக் கணக்குப் பாருங்கள். மொத்தம் 3,33,000 செக்டர். பின் பைலாக எடுத்தால் 78 கோடியே 32 இலட்சம் பைட் அளவில் வரும். ஐஎஸ்ஓவாக எடுத்தால் 68 கோடியே 20 இலட்சம். நீங்கள் மிஞ்சும் என்று நினைக்கிற இடம் இந்தப் 10 கோடி பைட்தான். பிளேஸ்டேஷன் 1 கேம் பலவற்றில் அந்த இடம் வெறும் பிழை திருத்தும் எண் மட்டும் அல்ல. வீடியோவும் பேச்சும் உள்ள செக்டர்களில் பிழை திருத்தத்தைக் குறைத்து, 2324 பைட் வரை தகவலையே வைத்திருப்பார்கள். அதை 2048ஆக வெட்டினால் வீடியோ சிதறும். அதற்கு மேல், பல கேம்களில் டிஸ்க்கின் முதல் ட்ராக் மட்டும்தான் கேம். இரண்டாவது ட்ராக்கிலிருந்து சாதாரணப் பாட்டு டிஸ்க் மாதிரியே இசை இருக்கும். ஐஎஸ்ஓவில் ட்ராக் என்ற ஒன்றே கிடையாது. இசைக்கு அங்கே இருக்க இடமே இல்லை.

எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது என்பதை எழுதி வைத்திருப்பதுதான் அந்தச் சின்னக் கியூ பைல். நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துதான். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பின் பைலின் பெயர் இருக்கும். அடுத்த வரியில் ட்ராக் 01, அதன் வகை, 2352 என்ற எண். அதற்கும் கீழே 00:00:00 என்று நேரம்: நிமிடம், நொடி, பிறகு அந்த நொடிக்குள் 75இல் எத்தனையாவது துண்டு. இசை ட்ராக்குகள் இருந்தால் 02, 03 என்று ஒவ்வொன்றுக்கும் இப்படியே போகும்.

உங்கள் பட்டியலில் பாதி கேம் வராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது இந்த முதல் வரியைத்தான். மாமாவோ வேறு யாரோ பின் பைலின் பெயரை வடிவாக இருக்கட்டும் என்று மாற்றியிருப்பார்கள். கியூ பைலுக்குள் பழைய பெயரே இருக்கும். எமுலேட்டர் அந்தப் பழைய பெயரைத் தேடும், கிடைக்காது, விட்டுவிடும். நோட்பேடில் அந்தப் பெயரை, புள்ளி, இடைவெளி உட்பட, பின் பைலின் இப்போதைய பெயராகத் திருத்திச் சேமியுங்கள். என்னிடம் "கேம் பழுது" என்று கொண்டுவரப்பட்ட பல போல்டர்கள் இதைச் செய்ததும் ஓடியிருக்கின்றன.

சில போல்டர்களில் ஒரே கேமுக்குப் பதினைந்து, இருபது பின் பைல் இருக்கும். அவை ட்ராக் ட்ராக்காகப் பிரித்து எடுக்கப்பட்டவை. பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் இசை போகும். எமுலேட்டருக்கு எப்போதும் கியூ பைலையே கொடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கியூ பைலே காணாமல் போயிருந்தால், ஒரே ட்ராக் உள்ள கேமுக்கு நீங்களே மூன்று வரி எழுதிவிடலாம். பல ட்ராக்கை ஒன்றாகச் சேர்த்து ஒரே பின்னாக எடுத்திருந்தால் ஊகித்து எழுத முடியாது. ரீடம்ப் என்ற, டிஸ்க் விவரங்களைச் சேர்த்து வைக்கும் இணையத்தளத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் ட்ராக் விவரமும் சரிபார்க்கும் எண்களும் பதியப்பட்டிருக்கும். அங்கே உங்கள் டிஸ்க்கின் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டை வைத்துத் தேடுங்கள்.

இன்னொரு சின்னப் பைல் எஸ்பிஐ. நம் நாட்டு டிவியும் ஐரோப்பாவைப் போலப் பால் (PAL) என்ற பட முறை என்பதால் ஐரோப்பியப் பதிப்பு கேம்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு லிப்கிரிப்ட் என்ற பூட்டு இருந்தது. செக்டருக்கு வெளியே, துணைத் தடத்தில், வேண்டுமென்றே சில எண்களை மாற்றி வைத்திருப்பார்கள். பின் பைலில் அது வராது, எஸ்பிஐதான் அதைச் சுமக்கும். அது இல்லாவிட்டால் கேம் ஓடத் தொடங்கி, நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிடும். எமுலேட்டருக்குக் கொடுக்கும் கியூ பைலுக்கு உள்ள அதே பெயரில், அதே போல்டரில் இருக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 1க்கு நான் சொல்வது டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டர். பின்–கியூ, தனிப் பின், ஐஎம்ஜி, ஐஎஸ்ஓ, சிஎச்டி, பூட்டில்லாத பிபிபி எல்லாம் அது திறக்கும். எம்டிஎஸ்–எம்டிஎஃப்பும் திறக்கும், பின் பைலைச் சுருக்கிய ஈசிஎம் ஒற்றை ட்ராக்காக இருந்தால் திறக்கும். இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கேமுக்கு எம்3யூ என்று ஒரு எழுத்துப் பைல் போதும். ஒவ்வொரு டிஸ்க்கின் பெயரையும் ஒவ்வொரு வரியில் எழுதிச் சேமித்தால், டிஸ்க் மாற்றச் சொல்லும் இடத்தில் மெனுவிலிருந்தே மாற்றலாம்.

எம்டிஎஃப், என்ஆர்ஜி, சிசிடி மூன்றும் இருபது வருடத்துக்கு முந்திய டிஸ்க் எழுதும் புரோகிராம்களின் பிள்ளைகள். அல்கஹோல் 120% போட்டது எம்டிஎஃப், நீரோ போட்டது என்ஆர்ஜி, குளோன்சிடி போட்டது சிசிடியும் ஐஎம்ஜியும் சப்பும். அவற்றில் எமுலேட்டர் திறக்காததை, குறிப்பாக என்ஆர்ஜியை, முதலில் பின்–கியூவாக மாற்ற வேண்டிவரும். ஐஎஸ்ஓவாக மாற்றாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

பிளேஸ்டேஷன் 2க்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே பெரும்பாலான கேம் டிவிடியில் வந்தது. டிவிடியில் பிழை திருத்தும் எண்களை டிரைவ் உள்ளேயே பார்த்துக்கொண்டு, கொம்பியூட்டருக்கு 2048 பைட்டை மட்டும் தரும். பாட்டு ட்ராக் என்ற ஏற்பாடும் இல்லை. ஆகவே டிவிடி கேமுக்கு ஐஎஸ்ஓ என்பது முழுமையான பிரதி, ஒன்றும் குறையாது. அசல் டிஸ்க் இருந்தால் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடியில் வந்த பிஎஸ்2 கேம், வெள்ளியாக இருந்தால் டிவிடி. பிஎஸ்1 அசல் டிஸ்க் கறுப்பாக இருக்கும். நீல டிஸ்க்கைப் பின்–கியூவாக எடுங்கள், வெள்ளியை ஐஎஸ்ஓவாக எடுங்கள்.

இதற்கு நாம் போடுவது பிசிஎஸ்எக்ஸ்2. ஐஎஸ்ஓ, பின், எம்டிஎஃப், சிஎஸ்ஓ, இசட்எஸ்ஓ, ஜிஇசட், சிஎச்டி ஆகியவற்றைத் திறக்கும். டிஸ்க் இல்லாமல் தனிப் புரோகிராமாக வரும் ஈஎல்எஃப் பைலையும் ஓட்டும். ஜிஇசட்டை முதல் தடவை திறக்கும்போது பைல் முழுவதையும் வாசித்து ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளும், அதனால் நேரம் எடுக்கும். பயந்து மூடிவிடாதீர்கள். கன்சோலைத் தொடக்கிவைக்கும் பயோஸ் என்ற அதன் சொந்தப் புரோகிராம் பைலும் தேவை, அதை உங்கள் மாமாவின் பிஎஸ்2விலிருந்தே எடுக்க வேண்டும். டக்ஸ்டேஷனுக்கும் அப்படித்தான்.

வெள்ளி டிஸ்க்குக்குள் தகவல் அடுக்கு ஒன்று என்றால் 4.7 ஜிபி வரை, இரண்டு என்றால் 8.5 ஜிபி வரை போகும். பென் டிரைவில் கொண்டுபோகும்போது "பைல் மிகப் பெரியது" என்று வந்தால், டிரைவ் பாட்32 (FAT32) என்ற பழைய போர்மட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, 64 ஜிபி காலியாக இருந்தாலும் ஏறாது. எக்ஸ்பாட் (exFAT) ஆக போர்மட் செய்தால் சரி. போர்மட் செய்தால் உள்ளதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் கவலைப்பட்ட இடப் பிரச்சினை. ஜிப், ரார், 7இசட் எல்லாம் சுருக்கத்தானே, ஏன் எமுலேட்டர் அவற்றிலிருந்து டிஸ்க் கேமை நேராக ஓட்டுவதில்லை என்று கேட்பீர்கள். கேம் ஓடும்போது டிஸ்க்கின் நடுவிலிருந்து ஒரு துண்டு, கடைசியிலிருந்து ஒரு துண்டு என்று தாவித் தாவி வாசிக்கும். 7இசட் சுருட்டி வைத்த பாய் மாதிரி. நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். சிஎஸ்ஓ வேறு மாதிரி. அது ஐஎஸ்ஓவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கி, எந்தத் துண்டு எங்கே என்று முன்னால் அட்டவணை வைத்திருக்கும். தேவையான துண்டை மட்டும் விரித்தால் போதும். பிஎஸ்பியின் மெமரி கார்டில் இடம் மிச்சம் பிடிக்கத்தான் அது வந்தது. இசட்எஸ்ஓவும் அதே ஏற்பாடுதான், விரிப்பது இன்னும் கெதி.

இவற்றில் எனக்குப் பிடித்தது சிஎச்டி. பழைய ஆர்கேட் இயந்திரங்களுக்கான மேம் எமுலேட்டரோடு பிறந்தது. அதோடு வரும் சிஎச்டிமேன் என்ற கருவிக்குக் கியூ பைலைக் கொடுத்தால் பின், கியூ, எல்லா ட்ராக்குகளும் சேர்ந்து ஒரே பைலாகிவிடும். தகவலுக்கு ஒரு வகைச் சுருக்கம், இசைக்கு ஃபிளாக் என்ற ஒலிச் சுருக்கம். பிழை திருத்தும் எண்களை மறுபடி கணக்கிட முடியும் இடத்தில் அவற்றை விட்டுவிட்டு, திறக்கும்போது தானே போட்டுக்கொள்ளும். ஒன்றும் இழப்பில்லை. வேண்டுமானால் அதே கருவியால் பின்–கியூவாகத் திரும்ப விரிக்கலாம். பைலுக்குள்ளேயே சரிபார்க்கும் எண்ணும் இருப்பதால், பத்து வருடம் கழித்தும் பைல் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். சிடி கேமுக்குச் சிடி கட்டளையும், டிவிடி ஐஎஸ்ஓவுக்கு டிவிடி கட்டளையும் கொடுக்க வேண்டும், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

மாற்றும்போது பொறுமை வேண்டும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் பாதியில் நின்ற சிஎச்டி பைல்களை நான் பார்த்திருக்கிறேன். பெயரும் இருக்கும், அளவும் ஓரளவு இருக்கும், திறக்காது. அதனால் வரிசை இது: சிஎச்டி செய்யுங்கள், கருவியிலேயே சரிபாருங்கள், எமுலேட்டரில் ஒரு தடவை ஓட்டி இசையைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் பின் பைலை அழிக்கலாமா என்ற யோசனை.

பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர். போனிலும் நன்றாக ஓடும், பயோஸும் தேவையில்லை. ஐஎஸ்ஓ, சிஎஸ்ஓ, பிபிபி திறக்கும், 2024இல் வந்த 1.17 பதிப்பிலிருந்து சிஎச்டியும் திறக்கும். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். பிபிபி என்ற வால் இரண்டு வேறு சரக்குக்கு உண்டு. ஒன்று பிஎஸ்பிக்கே எழுதப்பட்ட புரோகிராம். மற்றது பிஎஸ்பியில் ஓட்டுவதற்காகப் பொதி செய்யப்பட்ட பிளேஸ்டேஷன் 1 கேம். இரண்டாவதை பிபிஎஸ்எஸ்பிபி ஓட்டாது, டக்ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஈபூட் என்றே இருப்பதால் பலரும் பைல் பழுது என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள்.

வாலை நம்ப முடியாத இடத்தில் என்ன செய்வது? பைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். எம், சி, ஓ, எம், பி, ஆர், எச், டி என்று எட்டு எழுத்து இருந்தால் அது சிஎச்டி. சி, ஐ, எஸ், ஓ என்றால் சிஎஸ்ஓ. பி, கே என்றால் அது ஜிப், யாரோ வாலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு 00, பிறகு பத்து எஃப்எஃப், மறுபடி ஒரு 00 என்று இருந்தால் அதுதான் நான் மேலே சொன்ன 12 பைட் அடையாளம், பைல் பின் வகை. ஐஎஸ்ஓ என்று பெயர் வைத்திருந்தாலும் பின்தான். ஹெக்ஸ் எடிட்டர் இல்லாவிட்டால் கல்குலேட்டர் போதும். பைலின் அளவை பைட்டில் எடுத்து 2352ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் போனால் பெரும்பாலும் பின். 2048ஆல் மீதியில்லாமல் போனால் ஐஎஸ்ஓ. துணைத் தடமும் சேர்த்து எடுத்த எம்டிஎஃப் 2448ஆல் போகும். எதிலும் போகாவிட்டால், அது சுருக்கப்படாத பைலாக இருக்கும் பட்சத்தில், கொப்பி பண்ணும்போது பாதியில் நின்றிருக்கலாம்.

கசெட் கேம்களும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை சின்னவை, முழுவதும் மெமரிக்குள் ஏறிவிடும், அதனால் அவற்றுக்கான எமுலேட்டர்களில் பல ஜிப்பையே நேராகத் திறக்கும். அதில் குழம்ப அதிகம் இல்லை, நின்டென்டோ 64 தவிர. அதற்கு இசட்64, வி64, என்64 என்று மூன்று வால். உள்ளே இருப்பது ஒரே கேம், பைட்டுகளை அடுக்கிய விதம்தான் வேறு. முதல் நான்கு பைட்டைப் பாருங்கள்: 80 37 12 40 என்றால் கசெட்டில் இருந்த அதே வரிசை. 37 80 40 12 என்றால் இரண்டிரண்டாகப் புரட்டியது. 40 12 37 80 என்றால் நான்கு நான்காகப் புரட்டியது. வாலை மாற்றினால் வரிசை மாறாது. எமுலேட்டர் இந்த நான்கு பைட்டைப் பார்த்துத் தானே சரிப்படுத்திக்கொள்ளும்.

கடைசியாக, மாமாவிடம் அசல் டிஸ்க்குகள் இன்னும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே கேளுங்கள். டிஸ்க்கில் பளபளப்பது மெல்லிய அலுமினியப் படலம். அதை மூடிய அரக்குப் பூச்சில் ஒரு கீறல் இருந்தால் ஈரம் உள்ளே போய்ப் படலத்தை அரிக்கும். எங்கள் ஊரில் கிறில் கம்பியே கடல் காற்றில் எவ்வளவு கெதியில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கடையில் எழுதிய டிஸ்க்குகள் இன்னும் மெல்லிய சரக்கு, அவற்றில் தகவல் இருப்பது சாயப் படலத்தில், வெயிலும் வெக்கையும் ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக் கண் மாதிரி வெளிச்சம் தெரிகிற டிஸ்க்கைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, டிரைவின் வேகத்தைக் குறைத்து வைத்து எடுங்கள். இசை போன ஐஎஸ்ஓக்களுக்கு அந்த டிஸ்க்குகளை விட்டால் வேறு வழியில்லை.